குறிஞ்சிப் பூவும் மேகமலை வௌவாலும்

குறிஞ்சியைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்; ஆனால் பெயர் தெரியாதவர்கள் யார்? உங்கள் தெருவிலேயே குறிஞ்சி என்று ஒரு பெண் இருப்பாள். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' தொடர்கதையை வாரா வாரம் காத்திருந்து படித்து, பிறந்த குழந்தைக்குப் பூரணி என்றும் அரவிந்தன் என்றும் பெயர் வைத்த பாட்டிமார் பல வீடுகளில் உண்டு. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' படித்தவர்களோ நீலகிரிக்குப் போகாமலே அந்தப் பூவைப் பார்த்தவர்கள்.

சரி, சலீம் அலி வௌவாலைத் தெரியுமா?

முகத்தைச் சுளிக்காதீர்கள்! "நல்ல நாளும் அதுவுமாய் வௌவால் என்ன வௌவால்!" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஆசிரியரும் முதலில் அப்படித்தான் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பூவையும் வௌவாலையும் ஒரே கட்டுரையில் போடுவதா? பெண்கள் படிக்கிற பத்திரிகை ஐயா இது!" என்றார். பூ நம்முடைய மலையில் பூப்பது. வௌவாலும் நம்முடைய மலையில்தான் இருக்கிறது. இரண்டும் இருந்தாற்போல் இருந்து காணாமற் போகிற ஜாதி. ஆனால் ஒன்று காணாமற் போனால் ஊரே நாள் எண்ணுகிறது, இன்னொன்று காணாமற் போனபோது எண்ண ஒருவரும் இல்லை என்று அவரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "போய் வாரும். ஓவியரையும் அழைத்துக்கொண்டு போம்" என்றார்.

முதலில் கோடைக்கானல். பஸ் நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் போனால் குறிஞ்சி ஆண்டவர் கோயில். சின்னக் கோயில்தான். இதைக் கட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி! ஹிந்து மதத்தைத் தழுவி, லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்டு, இலங்கைத் தமிழர் தலைவரான சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். 1936-ல் கட்டினார், பிறகு பழனி தேவஸ்தானத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மேகம் இல்லாத நாளில் கோயிலுக்குப் பின்னால் நின்றால் பழனி மலையே தெரியும். நாங்கள் போன அன்று பக்கத்தில் நின்ற ஓவியரே பாதிதான் தெரிந்தார். அவ்வளவு மூட்டம்.

பூ இல்லாத குறிஞ்சிச் செடியைப் பார்த்திருக்கிறீர்களா? சரிவில் இடுப்பளவு வளர்ந்த புதர். முரட்டுப் பச்சை இலை. நீலமும் இல்லை, ஊதாவும் இல்லை, ஒன்றும் இல்லை. இதைப் பார்க்கவா ஐந்து மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்தோம் என்று தோன்றும். ஆனால் அந்தப் புதர் தன் பாட்டில் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. கடைசியாக இங்கே மலை முழுதும் பூத்தது 2018-ல். அடுத்தது 2030. அதற்கு முன் 2006, 1994, 1982, 1970 என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். எழுதி வைத்த கணக்கு 1838-லிருந்து தொடங்குகிறது. நூற்றெண்பது வருஷத்தில் பதினாறு பூப்பு! நம் வீட்டில் பால் கணக்கு கூட இத்தனை ஒழுங்காக இராது.

ஒரு சின்னத் திருத்தம் மட்டும் சொல்லிவிடுகிறேன். "போன வருஷம் கூட எங்கேயோ குறிஞ்சி பூத்ததாகப் படித்தோமே!" என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயம். எல்லா மலையும் ஒரே தாளத்தில் ஆடுவதில்லை. இடுக்கிப் பக்கத்தில் சாந்தன்பாறை மலையில் 2022-ல் பூத்தது. போதாததற்குக் குறிஞ்சிக்கு உறவுக்காரச் செடிகள் வேறு மேற்கு மலைத்தொடரில் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கெடு. நாம் எல்லாவற்றையும் குறிஞ்சி என்றே சொல்லிவிடுகிறோம்.

கோயில் வாசலில் மலைப்பூண்டும் காரட்டும் விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். வயது கேட்டேன்.

"அஞ்சு குறிஞ்சி பாத்துட்டேன் தம்பி" என்றார்.

இந்த மலைகளில் வாழும் பளியர்கள் குறிஞ்சியை வைத்து வயதைக் கணக்கிடுவது வழக்கம் என்று புத்தகங்களில் படித்ததுண்டு. பூண்டுக் கூடைக்குப் பின்னாலிருந்து அந்தக் கணக்கு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அவரே விரல் மடித்துச் சொன்னார்:

"மொதக் குறிஞ்சிக்கு எங்காத்தா இடுப்புல இருந்தேன். ரெண்டாவது பூத்த வருஷம் நான் பெரியவளானேன். மூணாவதுக்கு மூத்தவன் வயித்துல. நாலாவதுல எங்க வீட்டுக்காரர் இருந்தாரு. அஞ்சாவதுல இல்லை. பேத்தியைத் தூக்கிக்கிட்டுப் போய்க் காட்டினேன். ஆறாவதையும் பாத்துட்டாப் போதும்."

ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் ஐந்து பூப்பில் அடங்கிவிட்டது! ஓவியர் பென்சிலை எடுக்க மறந்துவிட்டார். அதனால் அந்த அம்மாளின் படம் இங்கே இல்லை.

குறிஞ்சி ஏன் இப்படிப் பன்னிரண்டு வருஷம் பொறுத்திருந்து ஒரே சமயத்தில் பூக்கிறது? கல்யாண வீட்டுக் கணக்குத்தான். தினம் நாலு பேருக்கு இலை போட்டால் அழையாத விருந்தாளி எட்டுப் பேர் வந்து தின்றுவிட்டுப் போவார்கள். ஒரே நாளில் ஆயிரம் இலை போட்டால் அவர்கள் தின்றது போகவும் மீதி இருக்கும். மலை முழுதும் ஒன்றாகக் காய்த்து விதையைக் கொட்டும்போது, பூச்சியும் பறவையும் தின்றது போக முளைப்பதற்கு நிறைய மிஞ்சுகிறது. தேனீக்களுக்கோ தீபாவளி. பூத்து, விதை முற்றி, நெற்று வெடித்துச் சிதறியதும் தாய்ச்செடி காய்ந்து போகிறது. குறிஞ்சித் தாய் தன் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. பூத்த வருஷம் ஒன்றில்தான் விதை. அந்த ஒரு வருஷத்தில் நாமெல்லாரும் குழந்தை குட்டிகளுடன் கிளம்பிப் போய், ஆளுக்கொரு கொத்து ஒடித்து, செடிமேல் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தால், ஒடித்தது பூவை மட்டும் அல்ல. அடுத்த பன்னிரண்டு வருஷத்தை. 2018-ல் மூணாறு ராஜமலையில் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு செய்ததற்குக் காரணம் அதுதான். கேரள அரசு குறிஞ்சிக்கென்றே இடுக்கியில் ஒரு சரணாலயம் அமைக்க 2006-ல் முன்வந்தது. அதே வருஷம் தபால் இலாகா குறிஞ்சிக்குத் தபால்தலை வெளியிட்டது. கோயில், சரணாலயம், தபால்தலை, தொடர்கதை... ஒரு காட்டுப் புதருக்கு இதைவிட என்ன கௌரவம் வேண்டும்?

ஆனாலும் கோடைக்கானலைச் சுற்றி வாருங்கள். புல்வெளியாக இருந்த சரிவுகளில் சீகை மரமும் யூகலிப்டஸும் பைனும் அடர்ந்து நிற்கின்றன. எல்லாம் கடல் கடந்து வந்தவை. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்கும் என்று நட்டவை. குறிஞ்சிக்கு வெயில் படும் புல்வெளி வேண்டும். பைன் மரத்தடியில் நின்று சினிமாக்காரர்கள் டூயட் பாடலாம், குறிஞ்சி முளைக்காது.

இனி மலை இறங்குவோம்.

வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி. பழனி மலை முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வாழையும் தென்னையும் திராட்சைப் பந்தலும் ஆரம்பிக்கின்றன. எதிரே இன்னொரு மலை எழுந்து நிற்கிறது. அதுதான் மேகமலை. பழைய ஆட்கள் பச்சைக்கூமாச்சி என்பார்கள். வெள்ளைக்காரத் துரைமார் 'ஹை வேவிஸ்' என்றார்கள். அலை அலையாகத் தெரிவதால் அந்தப் பெயர்.

சின்னமனூரில் காபி குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினோம். அடிவாரத்தில் தென்பழனி என்று ஓர் இடம். அங்கே வனத்துறைச் சோதனைச் சாவடி. பெயரைப் பார்த்தீர்களா? பழனியை விட்டு வந்தாலும் முருகன் விடவில்லை. அதற்கப்பால் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்கெல்லாம் பூக்களின் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். தலை சுற்றுகிறபோது ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போனால் வாந்தி வராது என்பது ஜீப் டிரைவரின் வைத்தியம். ஓவியருக்குப் பன்னிரண்டாவது பூ வரைதான் பலித்தது.

"இத்தனை பூப் பேர் வெச்சிருக்காங்களே, ஒரு வளைவுக்காவது வௌவால் பேர் வெச்சாங்களா?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"வௌவால் வளைவுன்னு பேர் வெச்சா யாருங்க சார் வண்டியை நிறுத்தி போட்டோ எடுப்பாங்க?" என்றார். நியாயம்தானே!

அப்படிப் பெயர் வைக்காத வௌவாலின் கதையை இப்போது சொல்கிறேன். மேலே போகப் போகக் குளிரும். சால்வையைப் போர்த்திக்கொண்டு கேளுங்கள்.

1948-ஆம் வருஷம். மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர் இருந்தார். காபி, தேயிலை பார்த்துக்கொண்டது போக மிச்ச நேரமெல்லாம் பாம்பு, பறவை, மிருகம் என்று காட்டிலேயே திரிகிற மனிதர். ஒரு காபித் தோட்டத்தில் அவருக்கு ஒரு பழந்தின்னி வௌவால் கிடைத்தது. பாடம் செய்து பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே பார்த்தார்கள். குட்டை மூக்குப் பழந்தின்னி என்று சீட்டு எழுதி அலமாரியில் வைத்துவிட்டார்கள். குட்டை மூக்கு ஒன்றும் அபூர்வம் அல்ல. உங்கள் வீட்டுத் தோட்டத்தில் வாதாங்கொட்டையைக் கொறித்துப் போட்டுவிட்டு, விடிந்ததும் உங்களைத் திட்ட வைக்கிறதே, அநேகமாக அதுதான்.

சீட்டு ஒட்டியாகிவிட்டது, இனி யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? 1958-ல் கோடைக்கானலில் குறிஞ்சி பூத்து ஓய்ந்தது. 1970-ல் மறுபடியும் பூத்து ஓய்ந்தது. அலமாரியில் வௌவால் அடுத்தவர் பெயரிலேயே கிடந்தது.

பிறகு தாய்லாந்துக்காரர் ஒருவர், கிட்டி தோங்லோங்யா என்பவர், அந்த வௌவாலை எடுத்து வாயைத் திறந்து பார்த்தார். வௌவால் ஆராய்ச்சியில் வாயைத்தான் முதலில் பார்ப்பார்கள், மாட்டுச் சந்தையைப் போல. குட்டை மூக்குக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு ஜோடி முன்பல் இருக்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு ஜோடிதான் இருந்தது. குட்டை மூக்குக்குச் சின்னதாக ஒரு வால் உண்டு. இதற்கு வாலே இல்லை! வேறு இனம் மட்டும் அல்ல, வேறு பேரினமே என்று கண்டுகொண்டார். 1972-ல் 'லாட்டிடென்ஸ் சலீமலியை' என்று பெயர் சூட்டினார். லாட்டிடென்ஸ் என்றால் அகன்ற பல் என்று அர்த்தம். மற்றப் பாதி, பறவை மனிதர் சலீம் அலிக்கு மரியாதை.

சலீம் அலியின் பெயர் இதற்கு அமைந்ததில் எனக்கு ஒரு தனித் திருப்தி. அவர் சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. சாதாரணக் குருவி மாதிரி இல்லை. "இது என்ன குருவி?" என்று கேட்க, பையன் பயந்துகொண்டே போய் நின்றது இதே பம்பாய்ச் சங்கத்தின் வாசலில்தான். அன்றைக்கு அங்கே இருந்த காரியதரிசி பொறுமையாகப் பார்த்து, மஞ்சள் தொண்டைக் குருவி என்று சரியான பெயரைச் சொன்னார். அந்த ஒரு பதிலில் பையனின் வாழ்க்கையே திரும்பிற்று. இதைப் போல இருக்கிறதே, ஆனால் இது இல்லையே என்று நின்று பார்க்கிற கண் அவருடையது. வௌவாலுக்கு அந்தக் கண் கிடைக்க இருபத்து நாலு வருஷம் ஆயிற்று. இரண்டு குறிஞ்சிக் காலம்.

கிட்டி தோங்லோங்யா அதற்குப் பின் அதிக நாள் இருக்கவில்லை. 1974-ல் காலமானார். தாய்லாந்துக் குகைகளில் அவர் கண்டெடுத்த இரண்டு கிராம் எடையுள்ள குட்டி வௌவாலுக்கு, அவர் மறைந்த பிறகு அவர் பெயரையே வைத்தார்கள்.

அதே 1972-ல் இன்னொரு காரியமும் நடந்தது. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்தப் பிராணிக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று பட்டியல் போட்டார்கள். ஐந்தாவது பட்டியல், தொல்லைப் பிராணிகள். அவற்றை யார் வேண்டுமானாலும் கொல்லலாம். அதில் காக்கை, எலி, சுண்டெலி, அவற்றோடு பழந்தின்னி வௌவால்! ஒரு கையால் பெரிய மனிதரின் பெயரைச் சூட்டி, இன்னொரு கையால் எலிப் பட்டியலில் சேர்த்தது போல் ஆயிற்று. பிற்பாடு சலீம் அலி வௌவாலை மட்டும் தனியே எடுத்து, புலியும் யானையும் இருக்கிற முதல் பட்டியலில் வைத்தார்கள். அந்தத் தொல்லைப் பட்டியலே 2022-ல் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் போயிற்று.

பெயர் வைத்தாயிற்று. ஆனால் பிராணி எங்கே? உலகம் முழுவதிலும் இருந்தது ஹட்டன் அனுப்பிய அந்த ஒன்றே ஒன்றுதான். அதுவும் செத்தது. மேகமலையில் இன்னும் இருக்கிறதா, பூண்டோடு போய்விட்டதா என்று சொல்லக்கூடியவர் இல்லை. 1982-ல் குறிஞ்சி மறுபடி பூத்தது. 1993-ல்தான் பம்பாய்ச் சங்கத்தாரும் இங்கிலாந்திலிருந்து வந்த வௌவால் நிபுணர்களும் சேர்ந்து தேடி, இந்த மலையில் அதை உயிரோடு கண்டார்கள். நாற்பத்தைந்து வருஷம்! அதற்குப் பிறகு திருநெல்வேலிப் பக்கம் களக்காடு முண்டந்துறைக் காட்டிலும் இருப்பது தெரிந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லை, மேற்கு மலைத்தொடரின் இந்தத் தென்கோடியில்தான்.

பன்னிரண்டு வருஷம் காணாத பூவுக்காகப் பூண்டு விற்கிற அம்மாள் நாள் எண்ணுகிறார். நாற்பத்தைந்து வருஷம் காணாத பிராணிக்காக ஊரில் ஒருவரும் எண்ணவில்லை. எனக்கு இது உறுத்துகிறது, உங்களுக்கு எப்படியோ.

மேகமலை உச்சியில், ஐயாயிரம் அடி உயரத்தில், கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை. நடுவே அணைத் தண்ணீர். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிறது என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் வௌவாலின் கண்ணால் கொஞ்சம் பாருங்கள். இந்த வௌவாலுக்கு வேண்டியவை இரண்டு: பகலில் தொங்குவதற்கு ஒரு குகை, இரவில் தின்பதற்குக் காட்டு அத்தியும் உருத்திராட்சக் குடும்பத்து மரங்களின் பழமும். அந்த மரங்கள் நிற்பது சோலைக் காட்டில். அந்தச் சோலையை வெட்டித்தான் தேயிலை போட்டார்கள். தேயிலையில் வௌவால் தின்ன என்ன இருக்கிறது? ஏலத் தோட்டம் கொஞ்சம் தேவலை. ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்பதால் பெரிய மரங்களில் சிலவற்றையாவது விட்டு வைக்கிறார்கள். சரிவுகளின் மடிப்பில் இன்னும் கரும்பச்சையாகச் சோலைகள் மிஞ்சி நிற்கின்றன. 2021-லிருந்து இந்த மலைக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. புலிக்குப் போட்ட வேலிக்குள் வௌவாலும் பிழைத்துக்கொள்ளட்டும்.

தங்கும் விடுதி வராந்தாவில் உட்கார்ந்து ஓவியர் படம் போட ஆரம்பித்தார். குறிஞ்சியைக் கண்ணை மூடிக்கொண்டே போட்டுவிட்டார். வௌவாலுக்குத்தான் சங்கடம். நான் சொல்லச் சொல்லப் போட்டார்: பழுப்பு ரோமம், தலை மட்டும் சற்றுக் கறுப்பு, வெளிர் இறக்கை, அரைச் சாண் உடம்பு, நாய்க்குட்டி முகம். முடித்துக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் ஒரு வால்!

"ஐயா, வால் கிடையாது!" என்றேன்.

"வௌவாலுக்கு வால் இல்லாமலா? பேரிலேயே 'வால்' இருக்கிறதே!" என்றார்.

இந்தப் பக்கத்தில் இருக்கும் படத்தை உற்றுப் பாருங்கள். ரப்பர் தேய்த்த இடம் தெரியும்.

பிள்ளை வளர்ப்பில் வௌவால் குறிஞ்சிக்கு நேர் எதிர். குறிஞ்சி ஒரே தடவையில் எண்ணற்ற விதையைக் கொட்டிவிட்டுக் கண்ணை மூடிவிடுகிறது. பழந்தின்னி வௌவால்களில் தாய்க்குப் பொதுவாக ஒரு பிரசவத்துக்கு ஒரு குட்டிதான். குட்டி தாயின் மார்பைப் பற்றிக்கொண்டே இருக்கும். பிள்ளையை மார்பில் சுமந்தபடி இராத்திரி மரம் மரமாக இரை தேடிப் போகிற தாயை, ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக ஓடுகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? ஆனால் இதில் ஒரு பயங்கரமும் இருக்கிறது. குறிஞ்சிச் சரிவில் நூறு செடியை ஒடித்தாலும் ஆயிரம் மிஞ்சும். ஒரு குகை வாயிலில் வலை கட்டி, வௌவால் கறி ஆஸ்துமாவுக்கு நல்லது என்று நாற்பது தாயைப் பிடித்துவிட்டால், அந்தக் குகை மறுபடி நிறைய எத்தனை வருஷம் ஆகும்? (கறி தின்று ஆஸ்துமா போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

கணக்கில் கூட வௌவால் பூவுக்குக் குறைந்தது அல்ல. பன்னிரண்டு வருஷம் கழிந்தது என்று குறிஞ்சிக்கு எப்படித் தெரிகிறது என்று நாம் அதிசயிக்கிறோம். கும்மிருட்டுக் குகைக்குள் தொங்குகிற வௌவாலுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது என்று அதிசயித்ததுண்டா? மதுரைப் பல்கலைக் கழகத்தில் சந்திரசேகரன், மாரிமுத்து என்ற இரு விஞ்ஞானிகள் அதிசயித்தார்கள். பக்கத்திலேயே ஒரு குகை. அதில் பூச்சி தின்னும் வௌவால்கள். அவற்றில் ஒன்றைப் பிடித்து அதே குகையின் இருட்டில் கூண்டில் வைத்தார்கள். வெளிச்சமே படாத அந்தக் கைதி, மற்றவை கிளம்புகிற அதே நேரத்துக்குத் தானும் சிறகடிக்க ஆரம்பித்தது. கூட்டமே இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் கடிகாரம் தினம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போயிற்று. ஜனங்களின் நடமாட்டத்தை வைத்தே அது மணி பார்க்கிறது! சமையலறையிலிருந்தே எதிர்வீட்டுச் சத்தத்தை வைத்து மணி சொல்லும் பாட்டிகளை எனக்குத் தெரியும். 1981-ல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியை உலகம் முழுவதும் படித்தார்கள்.

சங்கப் புலவர்கள் மட்டும் ஓரவஞ்சனை செய்யவில்லை. குறுந்தொகையில் மலைநாட்டுக் குறிஞ்சிப் பூவில் தேனெடுக்கும் வண்டும் இருக்கிறது; மாலையில் பழுமரம் தேடிப் பறக்கும் வாவலும் இருக்கிறது. நாம்தான் பூவுக்குக் கோயில் கட்டிவிட்டு, வௌவாலுக்கு ஒரு பழமொழியோடு நிறுத்திக்கொண்டோம்: வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து போனால் நீயும் தொங்கு, நானும் தொங்கு!

"வௌவாலால் எனக்கென்ன லாபம்?" என்று கேட்கும் கறாரான குடும்பத் தலைவிகளும் நம் வாசகர்களில் உண்டு. அவர்கள் இன்று படுக்கும்போது தலையணையை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கட்டும். இலவம்பஞ்சா? மேகமலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் போடிநாயக்கனூர், இலவம்பஞ்சு மெத்தைக்குப் பேர் போன ஊர். இலவ மரம் பூப்பது ராத்திரியில். ராத்திரியில் தேனீ வருமா? பழந்தின்னி வௌவால்கள்தான் தேன் குடிக்க வந்து, முகமெல்லாம் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு மரத்துக்கு மரம் போகின்றன. அதனால் காய், காயால் பஞ்சு, பஞ்சால் உங்கள் தூக்கம். நாட்டு இலுப்பைக்கும் அப்படித்தான். சோலையில் பழம் தின்று விதையைத் தொலைவில் கொண்டுபோய்ப் போட்டு, புது மரம் முளைக்க வைப்பதும் இந்த ஜாதிதான். வௌவால் தொங்கும் ஆலமரத்துக்காகத் தீபாவளியன்று பட்டாசு வெடிக்காத கிராமங்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்த ஊர்ப் பெண்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. குழந்தைகளைச் சமாதானம் செய்கிற வேலை அவர்களுடையதுதானே!

சாயங்காலம் தேயிலைக் கூடையோடு வீடு திரும்பிய பெண்கள் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். வௌவாலைப் பற்றி விசாரித்ததும் ஒரே சிரிப்பு.

"எல்லாரும் மேகத்தைப் பார்க்க வருவாங்க, ஆனையைப் பார்க்க வருவாங்க. நீங்க வௌவாலைப் பார்க்கவா அண்ணே வந்தீங்க?"

ஹட்டன் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். உலகத்திலேயே இங்கேயும் இன்னும் சில மலைகளிலும்தான் அது இருக்கிறது என்றேன். சிரிப்பு மெல்ல நின்றது. நடுவயதுப் பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்தாள்.

"நம்ம எஸ்டேட்டு வௌவாலுக்கா அந்தப் பேரு? அந்த சலீம் அலி இங்கதான் வேலை பார்த்தாராண்ணே?"

"இல்லையம்மா. அவர் பறவை பார்க்கிறவர்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப, பிடிச்சவர் பேரும் இல்லை, ஊர்ப் பேரும் இல்லை" என்றாள். பிறகு பள்ளத்தில் இருந்த சோலையைக் கையால் காட்டினாள். "இருட்டினப்புறம் அந்தப் பக்கம் போவும். அந்த அத்தி பழுத்திருக்கு. எது உங்க வௌவால்னு எனக்குத் தெரியாது. வால் இல்லாததுன்னு சொன்னீங்கல்ல? இனிமே பார்க்கிறேன்."

மற்றவர்கள் போய்விட்டார்கள். அவள் மட்டும் நின்றாள். மலை விளிம்பில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு எண்ண முடியாதபடி, சோலைக்கு மேலே கறுப்பாக அசைந்தன. அவள் அண்ணாந்து பார்த்தபடி விரலை மடிக்க ஆரம்பித்தாள்.